வந்தியத்தேவனையும் குந்தவையையும் எப்படி விட்டுவிட்டு வந்தீர்கள்?

அரசலாற்றுக்காரி:
கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஐந்து மாதமாக மடியில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல். ஜன்னலோர இடம் கிடைத்தால் போகும்போது இரண்டு அத்தியாயம், வரும்போது ஒன்று. போன வியாழக்கிழமை ஐந்தாம் பாகமும் முடிந்துவிட்டது. வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்த மணிமேகலை அவன் மடியில் உயிரை விடுகிறாள். நான் பாபநாசம் நிறுத்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கை அம்மாள், “தலைவலியா?” என்று தைலத்தை நீட்டினார்.

அழுதது மணிமேகலைக்காக மட்டும் அல்ல. குடந்தை சோதிடர் வீட்டில் வந்தியத்தேவனுக்கும் சோழ இளவரசி குந்தவைக்கும் முதல் சந்திப்பு, பிறகு அரசலாற்றங்கரையில் செத்த முதலையின் மேல் வேலை எறிந்து அவன் அசடு வழிந்தது. அன்றைக்கே இந்த இருவரின் கல்யாணச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். கல்கியோ இலையைப் போட்டுவிட்டுப் பரிமாறாமல் எழுந்து போய்விட்டார்! வேறு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. இவர்கள் சேர்ந்து வாழ்ந்த கதை எங்காவது இருக்கிறதா?

பழைய பைண்டு:
உங்களுக்கு ஐந்து மாதம், என் அம்மாவுக்கு மூன்றரை ஆண்டு. 1950இல் ‘கல்கி’ வார இதழில் இது தொடராக ஆரம்பித்தபோது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. 1954இல் முடிந்தபோது இடுப்பில் நான். வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். முடிவுரையைப் படித்தீர்களா? முடிவில் நிறைவடையாத வாசகர்களுக்குக் கல்கி அங்கே பதில் சொல்லிப் பார்க்கிறார். அம்மா அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஆடிப் பதினெட்டு வந்தால், வீரநாராயண ஏரிக்கரையில் அவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்துவிடுவார். நீங்களும் ஆடி வரைக்கும் பொறுங்கள்.

கொள்ளிடம்:
எனக்கு இந்த முடிவுதான் சரி. மணிமேகலை கண்ணை மூடிய கையோடு அவன் மாலை மாற்றியிருந்தால், அரசலாற்றுக்காரி, நீங்களே புத்தகத்தை ஜன்னல் வழியாக எறிந்திருப்பீர்கள்.

கல்லெழுத்து:
நீங்கள் தினமும் இறங்கும் ஊரிலேயே பதில் இருக்கிறது, சகோதரி. பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை ராஜராஜனின் தமக்கை என்றும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றும் சொல்கிறது. தான் கொடுத்தவற்றுக்கு அடுத்தபடியாக ‘நம் அக்கன்’ கொடுத்தவற்றையும் ராஜராஜன் கல்லில் வெட்டச் சொன்னான். கணவரைப் பற்றி அங்கே பெயருக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் குறும்பும் வாய்த்துடுக்கும் கல்கி கொடுத்தவை.

அரசலாற்றுக்காரி:
நேற்று மாலை வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சுவரெல்லாம் எழுத்து, ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. காவலாளி வந்து என்ன தேடுகிறீர்கள் என்றார். கல்யாணப் பத்திரிகை என்று சொல்ல முடியுமா? சும்மா பார்க்கிறேன் என்றேன். கல்லெழுத்து ஐயா, எந்தப் பக்கச் சுவர் என்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன்.