சிங்கப்பூர் – நியூயார்க்: 17 மணி நேரமா, 18.40-ஆ?

தேக்காவாசி:
ஜூன் மாதம் அம்மாவைத் தனியாக நியூயார்க்கில் இருக்கும் தங்கச்சியிடம் அனுப்புகிறோம். 71 வயது, இன்சுலின் போடுபவர். தூரம் காட்டும் தளத்தில் 15,345 கி.மீ., 17 மணி என்று இருக்கிறது. டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம். விமானக் கம்பெனி நேரத்தைக் கூட்டித்தான் போடுகிறது. வேறென்ன?

உருண்டை வாத்தியார்:
இல்லைங்க. தளம் 15,345-ஐ 900-ஆல் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் பூமி உருண்டை இருந்தால் எடுங்கள். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. இரண்டுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகும். அந்த நூலின் நீளம்தான் 15,345. விமானம் அந்த நூல்மேலேயே போவதில்லை. 2018 அக்டோபரில் பக்கத்து நியூவார்க்குக்கு நேரடி சேவையை மறுபடி தொடங்கும்போது சிங்கப்பூர் ஏர்லைன்ஸே சொன்ன தூரம் சுமார் 16,700.

தேக்காவாசி:
அப்போ 1,300 கி.மீ.க்கு மேல் சுற்றல்! அதற்கும் பணம் நம்மிடம்தானே?

உருண்டை வாத்தியார்:
சுற்றுவது காற்றுக்காக. 35,000 அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் வேகம் இன்னும் அதிகம். போன ஜனவரியில் போனேன். ஜப்பானைத் தாண்டியதும் முன் சீட்டுத் திரையில் வேகம் 1,100 கி.மீ.யைத் தாண்டியது. என் கையில் இருந்த தேநீர் அசையவே இல்லை. பல நாட்கள் போவது பசிபிக் மேலே, திரும்புவது அட்லாண்டிக் மேலே. இரண்டு தடவையும் கிழக்கு நோக்கித்தான், உலகத்தையே ஒரு சுற்று!

தேக்காவாசி:
16,700-ஐ 18-ஆல் வகுங்கள், 928 தான் வருகிறது. துருவ வழியில் காற்றே இல்லாமல் 900-இல் போனாலும் 17 மணி. உங்கள் கணக்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

உருண்டை வாத்தியார்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துருவ வழி நினைத்தபோது போகிற வழி இல்லை. பல நாட்டு வான்வெளி அனுமதி வேண்டும், அவசரத்துக்கு இறங்க இடம் குறைவு, டாங்கில் எரிபொருள் உறையாமல் பார்க்க வேண்டும். அதனால்தான் அன்றன்றைக்குக் காற்றைப் பார்த்து வழி போடுகிறார்கள். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்தி.

வார்டு அக்கா:
நான் நர்ஸ். கி.மீ. சண்டை அப்புறம். தேக்காவாசி தம்பி, இன்சுலின் கைப்பையில்தான் போகணும், சரக்குப் பெட்டியில் உறைந்துவிடலாம். அம்மா கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம். ஜூனில் வித்தியாசம் சரியாக 12 மணி, முள் அதே இடத்தில் நிற்கும், இரவு பகலாகும். சாப்பாடு எப்போது வரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி அளவையும் நேரத்தையும் அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தேக்காவாசி:
நன்றி அக்கா. டாக்டரிடம் 18.40 என்றே சொல்கிறேன். வாத்தியாரே, காற்று சரி. கம்பெனி கொஞ்சம் கூட்டித்தான் போடுகிறது என்பதில் நான் இன்னும் மாறவில்லை. அம்மா இறங்கியதும் நிமிடக் கணக்கோடு வந்து எழுதுகிறேன்.