டர்பனில் என்சைம் லேபுக்கு வருபவர்களே, கேட்டுவிட்டு வாருங்கள்; வந்த பிறகும் கேளுங்கள்

முனைவர் படிப்புக்கோ போஸ்ட்டாக்காகவோ (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக) தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வரப்போகிறேன், என்சைம் (நொதி) லேப், என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். இதில் பாதி, ‘கேளுங்கள்’ என்பதுதான். கைடு முன்னால் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று ஊரில் பழகியிருப்போம். இங்கே அந்தப் பழக்கம் வேலையைக் கெடுத்துவிடும்.

முதலில் பணம். தென்னாப்பிரிக்காவில் போஸ்ட்டாக்குக்குத் தருவது பெரும்பாலும் சம்பளம் அல்ல, உதவித்தொகை. அதனால் பொதுவாக வருமான வரி பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஊழியருக்குரிய ஓய்வூதியமோ மருத்துவச் சலுகையோ கூட வராது. எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மாதத்துக்கு உறுதி, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமா, காப்பீட்டுக் கட்டணம் யார் தலையில், முதல் மாதப் பணம் எப்போது கணக்கில் விழும் என்றும் கேளுங்கள். பதிவு முடிந்து, வங்கிக் கணக்குத் திறந்து, பணம் கைக்கு வர நாளாகும். அதுவரை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு விசாவை ஊரிலிருந்தே விண்ணப்பித்து வாங்க வேண்டும். காவல்துறைச் சான்று, தென்னாப்பிரிக்காவில் பதிவான மருத்துவத் திட்டத்தில் சேர்ந்ததற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். பட்டங்களை சாக்வா எனப்படும் தகுதி ஆணையத்தில் மதிப்பிடச் சொன்னால் அந்த வேலையை உடனே தொடங்கிவிடுங்கள். போஸ்ட்டாக் என்றால் எந்த வகை விசா என்பதைப் பல்கலைக்கழக அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து லேப். இங்கே என்சைம் வேலைக்கு மண்ணோடு தொடர்புண்டு. 1860-இல் தொடங்கி நம்மவர்களை டர்பன் இருக்கும் நடால் பகுதிக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது கரும்புத் தோட்டத்துக்காக. இன்று அதே கரும்பின் சக்கையை உடைக்கும் சைலனேஸ் போன்ற என்சைம்கள் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் பொருள். இன்னொரு பக்கம் எச்ஐவி புரோட்டியேஸ், அந்த வைரஸ் பெருகத் தேவையான என்சைம். எச்ஐவியில் இங்கே பரவலாக இருப்பது சி துணைவகை. மேற்கத்திய நாடுகளில் முதலில் அதிகம் ஆராயப்பட்டது பி. மருந்து அந்த என்சைமை எப்படிப் பிடிக்கிறது என்பதை இங்குள்ள வகையில் பார்க்க வேண்டிய தேவை அதனால்தான். நீங்கள் சேரப்போகும் வெஸ்ட்வில் வளாகத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு தொடங்கிய கல்லூரிதான் பின்னாளில் அங்கே இடம்பெயர்ந்தது. 2004-இல் நடால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் ஆனது. நம் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏறும்போது இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சேர்ந்ததும் கைனெடிக்ஸ் (என்சைமின் வேகத்தை அளப்பது) பக்கம் பாயாதீர்கள். மூலப்பொருளின் செறிவுக்கேற்ப வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டும் மைக்கேலிஸ்-மென்டன் வரைபடம் போட எல்லோருக்கும் அவசரம். உங்கள் என்சைம் ஐஸில் எவ்வளவு நேரம் தாங்குகிறது, உறைந்து உருகினால் எவ்வளவு செயல்திறன் போகிறது, எந்த என்சைம் செறிவு வரை வேகம் நேர்கோட்டில் ஏறுகிறது என்பதை முதலில் பாருங்கள். அப்புறம் சீனியர் கொடுக்கும் பஃபர், அதாவது பிஎச்சை (அமில-காரத் தன்மையை) நிலையாக வைக்கும் கரைசல். டிரிஸ் என்ற வேதிப்பொருளில் செய்த பஃபராக இருந்தால் எந்த வெப்பநிலையில் பிஎச் வைத்தீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு டிகிரி ஏறினால் டிரிஸின் பிஎச் ஏறத்தாழ 0.03 இறங்கும். 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது குளிர் அறையில் 8.6 ஆகும், 50 டிகிரியில் 7.3 ஆகும். என்சைமில் கோளாறு என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

சைலனேஸ் என்றால், வெளிவரும் சர்க்கரையை நிறத்தை வைத்து அளக்கும் டிஎன்எஸ் சோதனை செய்வீர்கள். மஞ்சள் கரைசலைக் கொதிக்க வைத்ததும் செங்கல் நிறத்துக்கு மாறும், 540 நானோமீட்டரில் அளப்போம். சைலனேஸ் உடைக்கும் பொருளான சைலனுக்கே, இந்த நிறத்தைத் தரும் ஒடுக்கும் முனைகள் கொஞ்சம் உண்டு. என்சைம் கரைசலிலும் சர்க்கரை ஒட்டியிருக்கலாம். அதனால் என்சைம் இல்லாமல் ஒரு குழாய், சைலன் இல்லாமல் ஒரு குழாய், இரண்டும் ஒவ்வொரு முறையும் வேண்டும். லேப் கூட்டத்தில் யாராவது ஒரே பிளாங்க் (ஒப்பீட்டுக் குழாய்) வைத்து வரைபடம் காட்டினால், புதியவர் என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ‘புரொஃப்’ என்று கூப்பிட்டுவிட்டு நேராகக் கேள்வியைக் கேட்பதுதான் இங்கே வழக்கம்.

ரசாயனங்கள் பல வெளிநாட்டிலிருந்து வருகின்றன. வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். பாட்டில் காலியான பிறகு ஆர்டர் போட்டால் வேலை நின்றுவிடும்.

மின்சாரம் பற்றியும் பயப்படுவீர்கள். 2022, 2023-இல் மின்வெட்டு மிக மோசம். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெரிதும் குறைந்துவிட்டது. ஆனாலும் மைனஸ் 80 பிரீசர் ஜெனரேட்டரில் இணைந்திருக்கிறதா, இரவில் அலாரம் அடித்தால் யாருக்குப் போகும் என்று முதல் வாரமே கேளுங்கள். சுத்திகரித்த புரதத்தைச் சிறு சிறு பங்காகப் பிரித்து இரண்டு பிரீசரில் வையுங்கள். உங்கள் என்சைம் தாங்கும் என்றால் ஒரு பங்கைப் பாதிக்குப் பாதி கிளிசராலில் கலந்து மைனஸ் 20-இல் வைப்பது நல்லது. குழாயில் தண்ணீர் நிற்கும் நாட்களும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது பல பகுதிகள் வாரக்கணக்கில் தவித்தன. சுத்தநீர் எப்போதும் கொஞ்சம் கையிருப்பில் இருக்கட்டும்.

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், இரவு லேப் முடிந்து எப்படித் திரும்புவீர்கள் என்பதையும் பாருங்கள். இருட்டிய பிறகு தனியாக நடக்க வேண்டாம். நீண்ட சோதனையைக் காலையிலேயே தொடங்குங்கள். இரவாகும் என்றால் கூட ஒருவர் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கறிவேப்பிலை, பருப்பு, மசாலா எதற்கும் பஞ்சமில்லை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும். இங்குள்ள தமிழர்களில் பலர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். அதை வைத்து அவர்களை எடை போடாதீர்கள். புரட்டாசி விரதமும் தைப்பூசக் காவடியும் அவர்கள் அவ்வளவு பக்தியோடு எடுக்கிறார்கள். புரட்டாசியில் லேப் விருந்து வைத்தால் சைவம் தனியாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காரணம் கேட்காமலே ஏற்பாடு செய்துவிடுவார்கள்.