சினை ஊசி பழக மாட்டுக் கருப்பை கிடைக்குமா? (மார்த்தாண்டம், தக்கலை பக்கம்)

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. பிளஸ் டூ முடித்த நாலு பிள்ளைகள் மைத்ரி (கிராமப்புறக் கருவூட்டல் பணியாளர்களுக்கான அரசுத் திட்டம்) செயற்கைமுறைக் கருவூட்டல் பயிற்சிக்குப் போகிறார்கள். 3 மாதம்: வகுப்பு 1, களம் 2. கை பழகாமல் களத்துக்குப் போனால் பாடுபடுவது பசுதான்.

அதனால் அறுத்த பசுவின் கருப்பை வாரம் 3 வேண்டும். யோனியிலிருந்து சினைப்பை வரை அப்படியே, அன்றைக்கே, ஐஸ் பெட்டியில். கருப்பைவாயில் கத்தி பட்டால் வீண். பழகவேண்டியதே அதன் வளையங்களைத் தாண்டத்தான். கைக்குக் கோழிக்கழுத்து மாதிரி உறுதியாகத் தட்டுப்படும். புதியவர்கள் கன்னை (விந்து செலுத்தும் நீளக் கம்பி) பிடித்துக் குத்துவார்கள், சுவர் கிழியும். கன் அசையாமல் நிற்க, இடக்கையால் கருப்பைவாயை அதன்மேல் ஏற்றவேண்டும். கடைசி வளையம் தாண்டியதும் நிறுத்தவேண்டும். இன்னும் தள்ளினால் கருப்பையின் ஒரு பக்கக் கிளைக்குள் (கொம்பு) போய்விடும்.

உறைந்த விந்து வைக்கிற 3 லிட்டர் திரவ நைட்ரஜன் கேன் ஒன்றும் இரவல் வேண்டும். வெளிப்புறம் பனி படிகிற கேன் வேண்டாம், வெற்றிடம் போனது அது. விந்துக் குச்சிகள் இருக்கும் குவளையைக் கேன் கழுத்துக்கு மேலே தூக்காமல், ஒரு குச்சியை இடுக்கியால் எடுத்து, 37 டிகிரித் தண்ணீரில் 30 விநாடி முக்கப் பழகணும். கையால் சூடு பார்ப்பது சரிவராது; தெர்மாமீட்டர் நம்மிடம் இருக்கிறது.

(இந்தப் பயிற்சி முடித்தால் மாட்டு வைத்தியமும் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. 1984 இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அது பதிவுபெற்ற கால்நடை டாக்டர் வேலை.)

தெரிந்த இறைச்சிக்கடை இருந்தால் அறுக்கிற நேரமும் விலையும் சொல்லுங்க. விடியுமுன்னே நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.