எல்லா வயதினரும் சேர்ந்து ஓபோ, பசூன் வாசிக்கும் ஒரு நாள் கூடல்: எப்படித் திட்டமிடுவது?

மரக்குழல் (கேள்வி)

வணக்கம். ஓபோ, பசூன் (இரண்டும் இரட்டை நாணல் வைத்து ஊதும் மரக்குழல்கள், பசூன் தாழ்ந்த ஒலியுடையது) வாசிப்பவர்கள் மட்டும் கூடும் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு நடக்கிறது. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் 30 பேர்: ஓபோ 18, பசூன் 9, இங்கிலிஷ் ஹார்ன் (ஓபோவைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் அதன் உறவு) 3. ஆகச் சின்னவளுக்கு 9 வயது, மூத்தவர் 70-ஐத் தாண்டியவர். ஆறு மாதம் மட்டும் கற்றவர்களும் வருகிறார்கள், பல வருடம் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தவர்களும் வருகிறார்கள். பெரிய அறை ஒன்று, சின்ன அறை இரண்டு. காலை 10 முதல் மாலை 5 வரை நேரம்.

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க எந்த இசை சரிப்படும்? நேரத்தை எப்படிப் பிரிப்பது? ரீட் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) செய்யும் பட்டறை ஒன்று வைத்து, ஆளுக்கு ஒரு ரீட் செய்து கையோடு எடுத்துப் போகச் சொல்லலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது, நடக்குமா? அந்த 9 வயதுப் பிள்ளையிடம் சின்ன அளவு பசூன் இருக்கிறது. அவளுக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நாணல்தட்டை

முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள், பாட்டு அப்புறம். ஓபோவில் மூச்சு பற்றாமல் போவதில்லை, மிஞ்சிப் போகிறது. ரீட்டின் வாய் அவ்வளவு சின்னது. இழுத்த காற்றில் கொஞ்சம்தான் குழலுக்குள் போகும், மீதி நெஞ்சிலேயே தங்கிப் பழசாகும். புதிதாகக் கற்பவர் அதை வெளியே விடாமல் மேலும் மேலும் இழுப்பார், பத்து நிமிடத்தில் தலை சுற்றும். அதனால் பாகங்களில் (அவரவர் இசைத்தாளில்) 'விடு' என்று ஒரு இடத்தையும் 'எடு' என்று அடுத்த இடத்தையும் பென்சிலால் தனித்தனியாகக் குறித்துக் கொடுங்கள். இந்த ஒரு வேலையை முன்கூட்டிச் செய்தாலே பாதிப் பேர் மாலை வரை தாக்குப்பிடிப்பார்கள்.

மூச்சைவிட முன்னால் உதடு களைக்கும். உதட்டோரத்தில் காற்று கசிய ஆரம்பித்தால் ஆள் ரீட்டைக் கடித்துச் சமாளிப்பார், சுருதி ஏறும், பக்கத்தில் இருப்பவரும் அதைத் துரத்துவார். ஒரு அமர்வு 40 நிமிடம் இருக்கட்டும். அதில் உண்மையாக ஊதுவது 25 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நடுவே 20 நிமிட இடைவெளி. 10:00-க்கு வாத்தியம் பூட்டி ரீட் நனைப்பது, 10:30-க்கு எல்லோரும் ஒன்றாக, 11:30-க்குத் தரம் பிரித்து அறைகளில், சாப்பாட்டுக்குப் பிறகு ரீட் மேசையும் சின்னக் குழுக்களும், 3:45-க்கு மறுபடி எல்லோரும். கடைசி அரை மணி நேரத்தில் புதுப் பாட்டு எதையும் எடுக்காதீர்கள்.

இசைக்கு வருவோம். இந்தக் கூட்டத்துக்கென்றே எழுதியது போல ஒன்று இருக்கிறது. 1749-இல் லண்டனில் நடந்த வாணவேடிக்கை விழாவுக்காக இசையமைப்பாளர் ஹேண்டல் எழுதியதில் ஓபோ மட்டும் 24, பசூன் 12. முதல் ஓபோ 12 பேர், இரண்டாவது 8, மூன்றாவது 4. பசூன் 8-ம் 4-ம். அதாவது 3:2:1, 2:1. உங்கள் 18 ஓபோவை 9, 6, 3 என்றும் 9 பசூனை 6, 3 என்றும் பிரித்தால் கச்சிதமாக உட்காருகிறது.

ஆனால் ஓவர்ச்சரை, அதாவது தொடக்கப் பகுதியைத் தொடாதீர்கள். ட்ரம்பெட்டும் ஹார்னும் மாறி மாறிப் பதில் சொல்லும் இடங்களில் ஓட்டை விழும். பூரே என்ற நடனப் பகுதியை எடுங்கள், அதில் பித்தளை வாத்தியமே இல்லை. டி மைனர் என்பதால் டி-யும் எஃப்-ம் அடுத்தடுத்து வரும். வழக்கமான எஃப் விரலமைப்பில் வலக்கை மோதிர விரல் துளையிலிருந்து சாவிக்கு வழுக்க வேண்டும், நடுவில் ஒரு அழுக்குச் சத்தம் கேட்கும். இடக்கை எஃப் சாவி உள்ள ஓபோக்காரர்கள் அதைப் பயன்படுத்தட்டும், இல்லாதவர்களுக்கு ஃபோர்க் எஃப் (வலக்கை நடுவிரலைத் தூக்கி, அதன் இரு பக்க விரல்களை மூடுவது). ஃபோர்க் எஃப் அடைத்தாற்போல் ஒலிப்பதும் சுருதி தள்ளாடுவதும் ரெசனன்ஸ் சாவி (அந்த எஃப்-ஐத் தெளிவாக்கும் கூடுதல் சாவி) இல்லாத மாணவர் ஓபோக்களில் சகஜம், பிள்ளையின் தப்பு இல்லை.

இரண்டாவதாக இசையமைப்பாளர் பாஹின் நான்கு குரல் கோரால்கள் (தேவாலயக் கூட்டுப் பாடல்கள்). சோப்ரானோ முதல் ஓபோவுக்கு. ஆல்ட்டோவை இரண்டாம் ஓபோவும் இங்கிலிஷ் ஹார்னும் சேர்ந்து வாசிக்கட்டும். நடு சி-க்குக் கீழே பி ஃபிளாட் வரைக்கும்தான் ஓபோ போகும், அதற்கும் கீழே இறங்கும் சுரங்களை இங்கிலிஷ் ஹார்ன் பார்த்துக்கொள்ளும். டெனரும் பேஸும் பசூன்களுக்கு.

ஆறு மாதக்காரர்களுக்குக் கோரால் வரியை அப்படியே கொடுத்துவிட வேண்டாம். ஜி, ஏ, பி, சி நான்கே சுரத்தில் நீண்ட ஒலிகளாகத் தனி வரி எழுதுங்கள். சி-யிலிருந்து மேல் டி-க்குப் போகும்போது அரைத்துளை (விரலால் துளையைப் பாதி மட்டும் மூடுவது) வருகிறது, அங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். அடிமட்டத்து சி, பி-யை மெதுவாக ஊதச் சொன்னால் சத்தமே வராது.

கீழ்ஸ்தாயி

பசூன் பக்கத்தை நான் சொல்றேன்.

அந்தப் பாப்பாவோட வாத்தியம் எஃப்-ஆ ஜி-ஆன்னு முதல்ல கேட்டுக்கோங்க. எஃப் பசூன் விரலுக்கு நாலாம் சுரமா மேலே ஒலிக்கும் (சி பிடிச்சா எஃப்), ஜி பசூன் ஐந்தாம் சுரமா (சி பிடிச்சா ஜி). இது தெரியாம மத்தவங்க பாகத்தையே அவ கையில கொடுத்துடறதுதான் அடிக்கடி நடக்கிறது. பிள்ளை சரியாத்தான் வாசிக்கும், ஆனா முழுக்க அபஸ்வரமாக் கேட்கும், அது மனசு உடைஞ்சு உட்கார்ந்துடும். பாட்டு எஃப் மேஜர்னா, எஃப் பசூனுக்கு சி மேஜர்ல எழுதணும், ஜி பசூனுக்கு பி ஃபிளாட் மேஜர்ல. வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிடுங்க. எண்மம் மேலே ஒலிக்கிற இன்னும் குட்டி வகையும் உண்டு, அதுக்கு மாத்தி எழுத வேண்டியதில்லை.

பெரிய பசூன் புதுசாக் கத்துக்கறவங்களுக்கு: எல்லா விரலும் எடுத்த எஃப்-லேர்ந்து கீழே அடுத்த பி ஃபிளாட் வரைக்கும் உள்ள சுரங்கள் போதும். அந்த எஃப்-க்கு மேலே எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப் மூணுக்கும் இடது ஆள்காட்டி விரல் அரைத்துளை. துளையை எவ்வளவு திறக்கறதுங்கறது ஒவ்வொரு சுரத்துக்கும் கொஞ்சம் மாறும். அதுக்கும் மேலே ஏ-லேர்ந்து டி வரைக்கும் இடது கட்டைவிரலால மேல் சாவியை ஒரு தட்டுத் தட்டணும், இல்லேன்னா சுரம் ஆரம்பத்துல விரிசல் விட்டமாதிரி கரகரக்கும். கூட்டமா வாசிக்கறப்ப இதைச் சொல்லித்தர நேரம் இருக்காது, 11:30 அறை அமர்வுக்குத் தள்ளிடுங்க.

நாற்காலி: கை வைக்காதது, தட்டையானது, குஷன் இல்லாதது. பசூனோட எடையைத் தொடைக்கு அடியில போற பட்டைதான் தாங்குது. வழவழன்னு பிளாஸ்டிக் நாற்காலின்னா பட்டை வழுக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் வாத்தியம் ஒரு விரல் இறங்கும். ஆளுக்கு ஒரு ஸ்டாண்டு கட்டாயம். ரெண்டு பேருக்கு ஒண்ணு வச்சா ஒருத்தர் குழலுக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பார்க்க வேண்டி வரும்.

இடைவேளையில எழுந்து போறவங்க ரீட் மாட்டற போக்கலைக் கழட்டி வச்சுட்டுப் போகச் சொல்லுங்க. அந்த வளைஞ்ச மெல்லிய குழாய் ஒரு தடவை இடிச்சாலே கதை முடிஞ்சது. போக்கல் பக்கவாட்டுல ஒரு குண்டூசித் துளை இருக்கும். கீழ்ச் சுரங்கள் திடீர்னு வர மறுத்தா, ரீட்டைச் சுரண்டறதுக்கு முன்னாடி அந்தத் துளை அடைஞ்சிருக்கான்னு பாருங்க. இரும்பு ஊசி போட்டுக் குத்தாதீங்க, துளை பெரிசாயிடும். மெல்லிய நைலான் இழை போதும்.

அப்புறம், பூட்ங்கற அடிப் பகுதியில சேர்ற தண்ணி. அதைச் சின்னத் துளை வழியாத்தான் கவிழ்க்கணும். அந்தப் பக்கம் உள்பூச்சு இருக்கு, பெரிய துளைப் பக்கம் வெறும் மரம். வாத்தியத்தைத் தரையில படுக்க வச்சுட்டுச் சாப்பிடப் போனா தண்ணி மரப் பக்கம் ஓடி, நாளாவட்டத்துல உள்ளே உளுத்துப் போகும்.

மரக்குழல்

சின்ன பசூன் விஷயம் தெரியவே தெரியாது, இன்றைக்கே விசாரிக்கிறேன். ரீட் பட்டறை பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொன்று: 18 ஓபோ ஒரே நேரத்தில் ஏ பிடித்தால் யார் சரி யார் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீவாளி

ஒரே நாளில் ரீட் செய்து முடிக்க முடியாது. தெளிவாகச் சொல்கிறேன், அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

பசூன் ரீட்டுக்கு நாணலை ஊறவைத்து, மடித்து, மேண்ட்ரலில் (ரீட்டைத் தாங்கும் கூம்புக் கம்பி) ஏற்றிக் குழாயாக்கி, மூன்று கம்பி கட்டியபின் குறைந்தது ஒரு வாரம் காயவிட வேண்டும். ஈரத்தோடு வேலையைத் தொடர்ந்தால் காயும்போது நாணல் சுருங்கி, கம்பி ஆடும், பக்கவாட்டில் காற்று கசியும். ஓபோ ரீட் கட்டுவது சில நிமிட வேலைதான். ஆனால் முதல் முறை கட்டுபவர் நூலை ஸ்டேப்பிளின் (நாணலைக் கட்டும் உலோகக் குழாய்) மேல் விளிம்பைத் தாண்டிச் சுற்றிவிடுவார். 47 மில்லிமீட்டர் ஸ்டேப்பிள் என்றால் கீழிருந்து 47-இல் பென்சில் கோடு போட்டு, கடைசிச் சுற்று அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தாண்டினாலும் நாக்குகளின் (ரீட்டின் இரு நாணல் தகடுகள்) கழுத்தை நெரித்தது போலாகும், எவ்வளவு சீவினாலும் திறக்காது. நாணலின் நடுத் தடிமன் 0.58 முதல் 0.60 மில்லிமீட்டர், அதில் 0.01 வித்தியாசம் கூடக் கைக்குத் தெரியும். இந்த வேலையைக் கூட்டமாக அவசரத்தில் கற்க முடியாது.

அதற்குப் பதில் 'சரிசெய்யும் மேசை' வையுங்கள். அவரவர் பெட்டியில் கிடக்கும் வேலைக்காகாத ரீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு முறைக்கு 6 பேர். 3 கத்தி, 6 பிளாக் (ரீட்டின் நடுவே செருகும் மெல்லிய தகடு), ஓபோவுக்கும் பசூனுக்கும் மேண்ட்ரல், சின்னக் குறடு 2, 600 எண் மணல்தாள், பிரகாசமான மேசை விளக்கு 2. 12 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் கத்தி வேண்டாம், மணல்தாள் போதும்.

எதையும் சீவுவதற்கு முன் கசிவு பாருங்கள். நனைத்த ரீட்டின் அடித்துளையை விரலால் அடைத்து, வாயில் வைத்து ஊத வேண்டும். இரு ஓரத்திலும் குமிழி வந்தால் அது சீவித் தீரும் நோய் இல்லை. கசியாவிட்டால் அடுத்தது வாத்தியம் இல்லாமல் வெறும் ரீட்டை ஊதிக் கரகரப்பைக் கேட்பது. ஓபோ ரீட்டில் ஒற்றைக் கீச்சு மட்டும் வந்தால் நுனிக்குப் பின்னால் இன்னும் மரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பிளாக்கை நாக்குகளுக்கு நடுவே செருகாமல் நுனியைத் தொடாதீர்கள், மூலை உடனே பிளக்கும். கத்தி நுனியை நோக்கியே போக வேண்டும், வெட்டக் கூடாது. சீவிய துகள் தூள் போல இருக்க வேண்டும், சுருள் வந்தால் அழுத்தம் அதிகம். நாலு தடவை சீவி, ஒரு முறை ஊதிப் பார்த்து, மறுபடி நாலு. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

பசூன் ரீட்டில் கத்திக்கு முன்னால் குறடு. நுனிக்கு அருகே இருக்கும் முதல் கம்பியை மேலும் கீழுமாக அமுக்கினால் வாய் மூடும், பக்கவாட்டில் அமுக்கினால் திறக்கும். இரண்டாவது கம்பி இதற்கு நேர் எதிர்: பக்கவாட்டில் அமுக்கி உருண்டையாக்கினால் வாய் மூடும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு போனாலே நல்லது. தூக்கிப் போடவிருந்த பல ரீட்டுகள் பிழைக்கும். குறடு போடும்போது ரீட் நனைந்திருக்க வேண்டும், காய்ந்திருந்தால் விரிசல் விடும்.

ஊறவைப்பது ஓபோவுக்கு 2, 3 நிமிடம், தக்கை தண்ணீரில் படாமல். பசூனுக்கு 3 முதல் 5 நிமிடம். பேச்சு சுவாரசியத்தில் அரை மணி நேரம் கிண்ணத்தில் கிடந்தால் வாய் அகலமாகத் திறந்து, ஒலி கரடாகும், சுருதி இறங்கும். ஆளுக்கு ஒரு கிண்ணம், பெயர் எழுதி. ஒருவர் ரீட்டை இன்னொருவர் ஊதுவது கூடவே கூடாது. வாத்தியம் மாற்றிப் பார்ப்பவர் தன் ரீட்டோடு போகட்டும்.

நாணல்தட்டை

சுருதிக் கேள்விக்கு: 18 பேரும் சேர்ந்து ஏ பிடிப்பதை அனுமதிக்கவே வேண்டாம். முதலில் 10 நிமிடம் வாசித்து மரம் சூடேறட்டும். பிறகு ட்யூனரில் 440 ஹெர்ட்ஸ் ஏ-யைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, முதலில் பசூன்கள் தங்கள் கீழ் ஏ-யைச் சேர்க்கட்டும். அந்த அடிநாதத்தின் மேல் ஓபோக்கள் மூன்று மூன்று பேராக. கீழே பசூன் சரியாக நின்றால் மேலே தப்பிப் போனவருக்குத் தானே காதில் உறுத்தும்.

சுருதி ஏறியிருக்கும் ஓபோவின் ரீட்டை 1 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே இழுக்கக் கூடாது. ஸ்டேப்பிளுக்கு அடியில் இடைவெளி விழுந்து, ஏ சரியாகிவிடும், மற்ற சுரங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகும். இறங்கியிருந்தால் ரீட் நுனியில் கால் மில்லிமீட்டர் வெட்டலாம். அதைக் கீழ்ஸ்தாயியோ சீவாளியோ போன்ற அனுபவமுள்ளவர் கையில் விடுங்கள். பசூனில் போக்கல் எண்ணை மாற்றுவதுதான் வழி: எண் கூடினால் நீளம் கூடும், சுருதி இறங்கும்.

இரண்டாம் அமர்வில் கட்டாயம் வரும் தொல்லை ஒன்று: ஆக்டேவ் துளையில் (மேல் ஸ்தாயிக்குத் திறக்கும் சின்னத் துளை) தண்ணீர். மேல் ஈ முதல் ஜி ஷார்ப் வரை குமுறினால் கட்டைவிரல் ஆக்டேவ் துளை, ஏ முதல் சி வரை குமுறினால் பக்க ஆக்டேவ் துளை. சிகரெட் தாளை அந்தத் துளையை மூடும் பேடுக்கு அடியில் வைத்து, சாவியை லேசாக மூடித் திறந்தால் உறிஞ்சிவிடும். ஒரு கட்டுத் தாள் மேசையில் கிடக்கட்டும்.

குழலைத் துடைக்கும் பட்டுத் துணி மேல் பகுதியில் சிக்கிக்கொண்டால் யாரும் பலமாக இழுக்கக் கூடாது. மேலே போகப் போகத் துளை குறுகுகிறது, முடிச்சு விழுந்த துணி ஆப்பு போல இறுகும். கீழ்ப்பக்கம் தொங்கும் வாலைப் பிடித்து வந்த வழியே பின்னால் எடுக்க வேண்டும். வால் இல்லாத துணியை அன்றைக்கு யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஏசி காற்று நேராக விழும் இடத்தில் மர ஓபோக்காரர்களை உட்கார வைக்காதீர்கள். குளிர்ந்த குழலுக்குள் சூடான மூச்சு போனால் மேல் பகுதி விரிசல் விடலாம். ஊதுவதற்கு முன் ஐந்து நிமிடம் அந்தப் பகுதியை அக்குளில் வைத்துச் சூடாக்கட்டும்.