ஸே, டெல் குழப்பம்: யாராவது ஒரு வழி சொல்லுங்களேன்

வணக்கம். பெரம்பூரில் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் எட்டுப் பேருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். பெரும்பாலும் கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள். டென்ஸ்கூட ஒரு வழிக்கு வந்துவிட்டது. இந்த 'ஸே' (say), 'டெல்' (tell) மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது.

நேற்று ஒரு பையன், "சார், மேனேஜர் ஸெட் மீ டு கம் எர்லி" என்றான். 'டோல்ட் மீ' என்று திருத்தினேன். அடுத்த நிமிஷமே "ஹி டோல்ட் தட் ஹி இஸ் பிஸி" என்கிறான்! டெல் வந்தால் யாரிடம் என்பதும் கூடவே வரணும், ஸே வந்தால் ஆளுக்கு முன்னால் 'டு' வேணும் என்று போர்டில் எழுதிப் போட்டும் பயனில்லை. "அப்போ டெல் எ லை, டெல் த ட்ரூத் எப்படி சார்? அங்கே ஆளே இல்லையே" என்று ஒரு பொண்ணு மடக்கிவிட்டாள். அது வழக்கு, அப்படியே மனப்பாடம் பண்ணும்மா என்று சமாளித்தேன். எனக்கே திருப்தியில்லை.

கோளாறு எங்கே என்று தெரிகிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'சொல்லு'தான். அதே மாதிரி 'எனக்கு விளக்குங்க' என்பது அப்படியே 'எக்ஸ்ப்ளெயின் மீ' ஆகிறது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்கிற பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது. (போன மாசம் வரை நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அது வேறு கதை.)

விதி வேண்டாம், கைவசம் நிறைய இருக்கிறது. வாயில் பழக்குகிற மாதிரி விளையாட்டோ பயிற்சியோ வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் கிடைத்தால் புண்ணியமாகப் போகும். ஸ்பீக், டாக் பக்கம் இன்னும் போகவே இல்லை.