திரைவாசிப்பான் எண்களை மட்டும் படிக்கிறது, தமிழ் வரவே இல்லை – உதவி வேண்டும்

செந்தூல்_அக்கா
வணக்கம். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தமிழ் அகப்பக்கம் நடத்துகிறோம். போன மாதம் புது வடிவமைப்புக்கு மாற்றினோம். அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், அதாவது கண் தெரிந்த எல்லாரும்.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஓர் அண்ணனிடம் காட்டினேன். இனிப்பு நீர் முற்றிப் பார்வை போனவர். மடிக்கணினியில் என்விடிஏ வைத்திருக்கிறார், திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள். இன்சுலின் பக்கத்தைத் திறந்தார். "செவன் பாயிண்ட் ஸீரோ... தெர்ட்டி... டூ". அவ்வளவுதான். நடுவில் இருந்த தமிழில் ஒரு சொல்கூட வரவில்லை. "என்னம்மா, நாலு நம்பர் லாட்டரிக் கடையா நடத்துறீங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன், ஆனால் இந்தப் பக்கமே அவரைப் போன்றவர்களுக்குத்தான்.

பழைய கட்டுரைகள் இன்னும் மோசம், ஏதோ புரியாத மொழியில் உளறுகிறது. செய்துகொடுத்த நிறுவனத்தைக் கேட்டால், "ஓகேயூகாரங்களுக்குத்தான் (மாற்றுத்திறனாளிங்களுக்கு) மூலையில சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தான் வச்சிருக்கோமே" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பட்டர்வொர்த்_தம்பி
அக்கா, பக்கத்தின் நிரலில் முதல் வரியைப் பாருங்கள். மொழிக் குறியீடு 'இஎன்' (en, ஆங்கிலம்) என்று இருக்கும், வாங்கின டெம்ப்ளேட்டில் வந்தபடியே. அதை 'டிஏ' (ta, தமிழ்) என்று மாற்றுங்கள். பக்கமே தன்னை ஆங்கிலம் என்று சொல்லிக்கொண்டால் என்விடிஏ ஆங்கிலக் குரலைத்தான் கூப்பிடும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தாண்டிப் போய்விடும். எண் மட்டும்தான் அதற்குப் புரிந்தது.

அண்ணனுடைய கணினியில் தமிழ்க் குரல் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்று ஒரு குரல் வரும். என்விடிஏவோடு வருகிற ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளிலும் தமிழ் உண்டு. கேட்க இயந்திரம் மாதிரி இருக்கும், பழகியவர்கள் அதையே நாம் பிடிக்க முடியாத வேகத்தில் கேட்பார்கள்.

பழைய கட்டுரைகள் இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தினவையாக இருக்கும். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீடா? அந்த எழுத்துரு திரையில் தமிழைக் காட்டும், அடியில் இருப்பதோ ஐரோப்பியக் குறிகள். வாசிப்பான் அடியில் இருப்பதைத்தான் படிக்கும். பழைய குறியீட்டை யூனிகோடாக்கும் என்எச்எம் மாற்றியில் போட்டு எடுங்கள். எடுத்தபின் கண்ணால் ஒருமுறை படியுங்கள், கொம்பு எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். மருந்தளவு வருகிற வரியை இரண்டு முறை.

விரல்_மன்னன்
நானும் பார்வையில்லாதவன்தான் அக்கா, பிரிக்பீல்ட்ஸ்ல மசாஜ் வேலை. முதல்ல அந்தச் சக்கர நாற்காலிப் பொத்தானை எடுத்துருங்க. என் வாசிப்பான் எனக்குப் போதும். அது குறுக்க வந்து நான் அழுத்துற விசையை எல்லாம் பிடுங்கிக்குது.

சாப்பாட்டு அட்டவணையைப் படமா போட்டிருக்கீங்களா? எனக்கு "கிராஃபிக்"னு ஒரு சொல், அதோட முடிஞ்சது. நாசி லெமாக் எவ்வளவு சாப்பிடலாம்னு பாக்க வந்தவனுக்குப் பதில் "கிராஃபிக்". நிஜமான அட்டவணையா போடுங்க, தலைப்புக் கட்டங்களை தலைப்புன்னே குறிச்சு. அப்பதான் ஒவ்வொரு கட்டத்துக்குப் போகும்போதும் "காலை, சாப்பாட்டுக்கு முன்"னு சேர்த்துச் சொல்லும்.

"4-7"னு எழுதாதீங்க. நடுவுல இருக்குற கோட்டை என் குரல் முழுங்கிரும், "நாலு ஏழு"ன்னு காதுல விழும். "4 முதல் 7 வரை"ன்னு எழுதுங்க. அப்புறம், எழுத்தைத் தடிப்பாக்கிட்டா அது தலைப்பு ஆயிடாது. நான் எச் விசையை அழுத்தித் தலைப்புத் தலைப்பாத் தாவுறவன். உங்க பக்கத்துல தாவ ஒண்ணும் கிடைக்காம அடிவரைக்கும் போய் விழுந்திருப்பேன்.

கிள்ளான்_தாதி
தலைப்பில் 'நீரிழிவு' என்றா போட்டிருக்கிறீர்கள்? என் வார்டுப் பாட்டிகள் 'இனிப்பு நீர்' என்றுதான் சொல்வார்கள். கேள்வியில் நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்! வெளிர் சாம்பல் எழுத்தும் வேண்டாம்மா, பாதிப் பேருக்குக் கண் மங்கல். தொடர்புக்குத் தொலைபேசி எண் மட்டும் இருந்தால் காது கேளாதவர் என்ன செய்வார்? புலனமும் (வாட்ஸ்அப்) போடுங்கள்.

பட்டர்வொர்த்_தம்பி
தாதியம்மா சொல்வது சரி. வெள்ளைப் பின்னணியில் #999 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் எழுத்தின் ஒளி வேறுபாடு 2.85 மடங்குதான். இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்த வகைசெய்யும் டபிள்யூசிஏஜி விதி சாதாரண எழுத்துக்கு 4.5 கேட்கிறது. #767676க்கு மேல் வெளிறக் கூடாது. கை நடுங்குகிறவர்களுக்காகப் பொத்தான் அளவும் பாருங்கள்: 2023இல் வந்த 2.2 பதிப்பில் குறைந்தது 24 பிக்சல். என்னைக் கேட்டால் அதுவே சின்னது.

செந்தூல்_அக்கா
'இஎன்' என்றேதான் இருந்தது! ஒரே ஒரு வரி. நேற்று அண்ணன் வீட்டுக்குப் போய் வள்ளுவரையும் சேர்த்தோம். "வெறும் வயிற்றில் 7.0க்கு மேல் இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்" என்று முழுசாக வந்தது. அண்ணன் கேட்டுவிட்டு, "இவன் ரொம்ப இலக்கணமா பேசுறானே, கொஞ்சம் வேகத்தக் கூட்டு" என்றார்.

பொத்தானை எடுத்தாகிவிட்டது. அட்டவணை பாதி முடிந்தது. தலைப்பை மாற்றுவதில் எங்களுக்குள் இன்னும் சண்டை, தமிழாசிரியர் ஒருவர் 'நீரிழிவு' போகக் கூடாது என்கிறார். இரண்டையும் போடலாமா என்று பார்க்கிறோம்.

மிச்சம் இருப்பது ஸ்கேன் செய்த 11 பிடிஎஃப் கையேடுகள், எல்லாமே படம். யாராவது தட்டச்சு செய்துதர முடியுமா?

கிள்ளான்_தாதி
கால் புண் கையேடு இருந்தால் அனுப்புங்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.