நீலப்பெட்டி வந்தது பிரேக்குக்கா, அழகுக்கா?

பொன்மலை ஓய்வு:
மன்னை பாசஞ்சர் தம்பி நேத்து போட்ட பதிவைப் பார்த்தேன். "ரயில்வே சின்னமும் கலரும் மேலே இருக்கிறவங்க ஆசைக்கு மாறுறதுதான், அரக்குக் கலர் பெட்டி நீலமானதும் அப்படித்தான்"னு எழுதியிருக்கார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல பெட்டியில கை வச்சு வேலை பார்த்தவனால இதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியலை. 90கள்ல நீலம் வந்தது ஏர் பிரேக், அதாவது அழுத்தின காத்துல வேலை செய்யுற பிரேக், உள்ள பெட்டிக்கு அடையாளமா. அரக்குன்னா வேக்குவம், காத்தை உறிஞ்சி வெற்றிடத்துல வேலை செய்யுற பிரேக். ரெண்டையும் ஒரே வண்டியில கோத்தா பிரேக் கடைசிப் பெட்டி வரைக்கும் போகாது. யார்டுல தூரத்துல நின்னு பார்த்தாலே எது எதுன்னு தெரியணும். அதுக்குத்தான் கலர்.

மன்னை பாசஞ்சர்:
ஐயா, அப்ப மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலப் பாதை, கதை என்ன? மயிலாடுதுறை–திருவாரூர் லைன்ல கடைசியா ஓடுன பெட்டி நீலம். இழுத்தது ஒய்.டி.எம். 4 டீசல் இன்ஜின், வேக்குவம் பிரேக். நீலம்னாலே ஏர் பிரேக்னா அந்தப் பெட்டி எப்படி நீலமாச்சு? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பொன்மலை ஓய்வு:
பெட்டிக்கு நடுவுல குனிஞ்சு பிரேக்குக்கான ஹோஸ் பைப்பைப் பார்த்திருக்கீங்களா தம்பி? வேக்குவம்னா தடியா ஒரே குழாய். ஏர் பிரேக்னா மெல்லிசா ரெண்டு. பிரேக் பைப் கப்ளிங் தலையில பச்சை, ஃபீட் பைப்புல வெள்ளை. மாத்தி மாட்டிடக் கூடாதுன்னு அந்தச் சின்னத் தலைக்கே கலர் அடிச்சு வச்சிருக்கான். பெட்டிக்கு அடிச்சது மட்டும் அழகுக்காம்!

மன்னை பாசஞ்சர்:
ஹோஸ் பைப் கேட்கலை ஐயா. மீட்டர் கேஜ் நீலப்பெட்டி கேட்டேன்.

நாகை துறைமுகம்:
எப்பப் பார்த்தாலும் பொன்மலை, பொன்மலை. அந்த ஒர்க்‌ஷாப் எங்க ஊர்ல இருந்ததை 1920கள்ல தூக்கிட்டுப் போனதை யாராவது பேசுறீங்களா? கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1861ல ரயில் விட்டது நாகப்பட்டினத்துலேருந்து. திருச்சி அப்புறம்தான். டெல்டாவுல ரயில் கலரைப் பத்தி முதல்ல பேசுற உரிமை எங்களுக்கு.

குடந்தை மெயின்லைன்:
கலரை விடுங்க, சின்னத்தைப் பேசுங்க. 1874ல சவுத் இந்தியன் ரயில்வே (எஸ்.ஐ.ஆர்.). 1951 ஏப்ரல் 14ல எஸ்.ஐ.ஆர்., மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் ரயில்வே மூணையும் சேர்த்து சதர்ன் ரயில்வே. அதோட மூணு ரயில்வே சின்னமும் போச்சு. எங்க பக்கம் ஒரு பழைய ஸ்டேஷன்ல இரும்பு பெஞ்சு கால்ல வார்ப்பிலேயே எஸ்.ஐ.ஆர். எழுத்து இருந்தது. மேல மேல பெயிண்ட் அடிச்சு மேடு தட்டிப்போய், விரல் வச்சுத் தடவினாத்தான் எழுத்துன்னே தெரியும். பிரிட்டன்ல 1965ல வந்த இரட்டை அம்புக்குறி, ரயில்வேயைத் தனியாருக்குப் பிரிச்சுக் கொடுத்த பிறகும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிக்குது. நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

மன்னை பாசஞ்சர்:
நான் சொன்னதைத்தான் அண்ணன் வேற மாதிரி சொல்றார். 2002ல ரயில்வேயோட 150வது ஆண்டுக்கு போலுங்கிற யானை பொம்மையைச் சின்னமாக் கொண்டாந்தாங்க, கையில பச்சை விளக்கோட. அடுத்த வருஷமே நிரந்தரச் சின்னம். அதுக்கு என்ன பிரேக் காரணம்? 2018ல உத்கிரிஷ்ட்னு ஒரு திட்டம் போட்டு, பழைய ஐ.சி.எஃப். (சென்னை பெட்டித் தொழிற்சாலை) மாதிரிப் பெட்டிக்குப் பழுப்பு அடிச்சாங்க. உள்ள பிரேக் மாறுச்சா? வந்தே பாரத் 2019ல வெள்ளை-நீலம், 2023ல காவி. மேலே இருக்கிறவங்க ஆசைதான்.

பொன்மலை ஓய்வு:
யானை பொம்மையையும் பெட்டியையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. இன்னைக்கு ஓடுற சிவப்பு-சாம்பல் எல்.எச்.பி. பெட்டியை, அந்தப் புது மாதிரிப் பெட்டியைப் பாருங்க. அதுல சென்டர் பஃபர் கப்ளர், நடுவுலயே கோக்குற இணைப்பு. ஐ.சி.எஃப்.ல ஸ்க்ரூ கப்ளிங், திருகி இறுக்குற இணைப்பு, ரெண்டு பக்கமும் இடி தாங்குற பஃபர். நேரா கோக்கவே முடியாது. ஷன்டிங் பார்க்கிறவன் கிட்டப் போகாமலே கலரை வச்சுச் சொல்லிடுவான். நீலமும் அதே காரணம்தான். வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

மன்னை பாசஞ்சர்:
சதாப்தி எல்.எச்.பி. நீலம்தானே? அப்ப அது ஸ்க்ரூ கப்ளிங்கா?

பொன்மலை ஓய்வு:
ஜன்னல் சீட்டுல உக்காந்து பார்த்த கலரை வச்சு வாதம் பண்றவங்ககிட்ட என்ன சொல்றது. நான் கேட்டதுக்குப் பதில் வரலை. ஹோஸ் பைப் ஒண்ணா ரெண்டா?

குடந்தை மெயின்லைன்:
ஐயா, தம்பியை வயசை வச்சு மடக்குறது சரியில்லை. போன மாசமும் கார்டு லைன் விஷயத்துல என்னை இப்படித்தான் பேசினீங்க. விழுப்புரத்துலேருந்து விருத்தாசலம் வழியா திருச்சிக்குக் குறுக்கே கார்டு லைன் போட்டதுலேருந்து, கும்பகோணம் வழியா போற மெயின் லைன்காரனை ரெண்டாம் பட்சமாத்தான் பார்க்கிறாங்க. புதுக் கலர் பெட்டி எங்களுக்கு எப்பவும் கடைசியாத்தான் வருது.

பொன்மலை ஓய்வு:
கார்டு லைன் வந்ததால தென்மாவட்டத்துக்குத் தூரம் குறைஞ்சுது. அதை அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். எதையும் வாபஸ் வாங்கலை. கலர் விஷயத்துலயும் அப்படித்தான்: அரக்கு வேக்குவம், நீலம் ஏர்.

நாகை துறைமுகம்:
உங்களுக்கு மெயின் லைனாவது ஓடுது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி லைனை 1986ல மூடினாங்க. அங்க எந்தக் கலர் பெட்டியும் வரலை. நாலு பேரும் கலருக்குச் சண்டை போடுறதுக்குப் பதிலா அந்த லைனைத் திருப்பிக் கேட்டு ஒரு மனு எழுதலாம்.

மன்னை பாசஞ்சர்:
மனு போடலாம் அண்ணே, நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா மீட்டர் கேஜ் நீலப்பெட்டிக்கு இன்னும் பதில் வரலை.

பொன்மலை ஓய்வு:
அந்தப் பெட்டி போட்டோ இருந்தா போடுங்க. ஹோஸ் பைப் தெரியிற மாதிரி.

மன்னை பாசஞ்சர்:
போட்டோ எதுக்கு? அந்த லைன்ல போன ஊர்க்காரங்க யாரைக் கேட்டாலும் நீலம்னுதான் சொல்வாங்க.

பொன்மலை ஓய்வு:
ஊர்க்காரங்க பிரேக் பார்க்கலை தம்பி. நான் பார்த்தேன்.